பால் காளானுக்கு மேல்மண்: மொட்டு ஏன் தள்ளிப் போகிறது?

மார்ச் 9

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது இது: "அக்கா, பால் காளான் பையைப் பாதியாக வெட்டி, மேலே செம்மண் கேசிங், அதாவது மேல்மண், மூணு விரல் கனத்துக்குப் போட்டேன். பத்து நாளில் மொட்டு வரும் என்றார்கள். ரெண்டு வாரம் தாண்டியும் மண் மட்டும்தான் தெரிகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் அதே கடை விதை, அதே நாள் வெட்டினது, மெலிசாகத்தான் மண் போட்டார். அவர் அறுத்தே விட்டார். மண் கூடிப் போனால் தாமதம் ஆகுமா? இல்லை என் விதை பழுதா?"

ஆகும் தம்பி. கனம் கூடினால் மொட்டு தள்ளிப் போகும். விதையைக் குறை சொல்ல வேண்டாம், வைக்கோலில் போட்ட விதையிலிருந்து பூசண நூல் கிளம்பிப் பை முழுக்க வெள்ளை ஓடியிருந்தால் விதை தன் வேலையை முடித்துவிட்டது. அதற்குப் பிறகு நடக்கிற தாமதம் எல்லாம் மேல்மண்ணிலோ ஷெட்டிலோதான் இருக்கும். ஆனால் உங்களிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டும். மண்ணை எப்படி நனைத்தீர்கள்? ராத்திரியில் உள்ளே சூடு எவ்வளவு நிற்கிறது? பை முழுக்க வெள்ளை ஓடியதைப் பார்த்து வெட்டினீர்களா, இல்லை நாள் கணக்குப் பார்த்து வெட்டினீர்களா?

மார்ச் 9, இரவு

அதற்குள் இன்னொருவர், "சிப்பிக் காளானுக்கு மண்ணே போடுவதில்லையே, பால் காளானுக்கு மட்டும் ஏன்?" என்கிறார்.

சிப்பிக் காளான் மரத்தில் வளர்கிற ஜாதி. பக்கவாட்டில் காற்றும் ஈரமும் கிடைத்தால் பையின் ஓட்டையிலேயே மொட்டு விட்டுவிடும். பால் காளான் மண்ணிலிருந்து எழும்பி வருகிற ஜாதி. வைக்கோலில் தின்றுகொண்டே இருக்கும், மொட்டு விடவே தோன்றாது. மேலே சத்தில்லாத, ஈரமான, காற்றோட்டமுள்ள ஒரு அடுக்கு வந்து, பூசண நூல் அதில் ஏறிய பிறகுதான் தின்பதை விட்டு மொட்டுக்குத் திரும்பும். மேல்மண் உரம் இல்லை. அதில் சாணம், தொழுவுரம் என்று சத்துப் பொருளைக் கலந்தால் வேண்டாத பூஞ்சைக்குத்தான் விருந்து.

மார்ச் 12

கனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக.

நம் பக்கம் பயிற்சியில் சொல்லித் தருவது இரண்டு சென்டிமீட்டர் அளவு. ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கனத்தில், மண் பதமாக இருந்து சூடும் சரியாக இருந்தால், கேசிங் போட்ட எட்டாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் குண்டூசித் தலை போல மொட்டு தெரியும். அதிலிருந்து ஒரு வாரத்தில் அறுக்கலாம். மூணு விரல் கனம் என்றால் ஐந்து சென்டிமீட்டர். நூல் அவ்வளவு மண்ணையும் ஏறி மேலே வந்தால்தான் மொட்டு. நாள் கூடாமல் எப்படி இருக்கும்?

"அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் போட்டு ஆறு நாளில் எடுத்துவிடலாமே" என்று யோசிக்காதீர்கள். மெலிசான மண் காலையில் நனைத்தால் மத்தியானம் காய்ந்துவிடும். மொட்டு சீக்கிரம் வரும், நிறையவும் வரும், பாதி கருகும், மிச்சம் சின்னதாகவே நின்றுவிடும். பால் காளான் அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் தண்டு எவ்வளவு கனம், உடம்பு எவ்வளவு தண்ணீர். அந்தத் தண்ணீரில் நிறையப் பங்கு மேல்மண்ணிலிருந்துதான் ஏற வேண்டும். மெலிசான மண்ணில் அதற்கு இருப்பு கிடையாது.

பாலக்கோடு பக்கம் எங்கள் ஷெட்டில் ஒரே நாள் வெட்டிய பைப் பாதிகளில், படுக்கை என்போம், மெலிசும் கனமுமாக மாற்றி மாற்றிப் போட்டு, பையில் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்துப் பார்த்திருக்கிறேன். மெலிசு எப்போதும் முந்தும். முதல் அறுவடையில் அது ஜெயித்தது போல இருக்கும். இரண்டாவது அறுவடையில் தலைகீழாகிவிடும்.

மார்ச் 13

தம்பி பதில் போட்டிருக்கிறார். செம்மண்ணை மாவு சலிக்கிற சல்லடையில் சலித்துப் போட்டாராம், "கல் இல்லாமல் நைசாக இருக்கட்டும்" என்று. அதைக் கனத்தை விடப் பெரிய காரணமாகப் பார்க்கிறேன். அதை விரிவாக எழுதுகிறேன்.

மார்ச் 17

மண் வகை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் கைக்குக் கிடைப்பது செம்மண். அதை நைசாகச் சலித்து நனைத்தால் மேலே தட்டையாக ஒரு பொருக்கு கட்டும். தண்ணீர் ஊற்றினால் வழிந்து பையின் ஓரமாக வைக்கோலுக்குள் இறங்கும். நடுவில் மண் காய்ந்தே கிடக்கும், கீழே வைக்கோல் ஊறி நாறும். நூல் ஏறுவதற்கு மண்ணில் இடைவெளி வேண்டும், கரியமில வாயு வெளியேறவும் அதே இடைவெளிதான் வழி. அதனால் நைசு வேண்டாம். மிளகு அளவுக் கட்டிகள் கலந்து பொலபொலவென்று இருக்க வேண்டும். பெரிய கல்லையும் வேரையும் பொறுக்கி எடுத்தால் போதும்.

ஏரி வண்டல், அதாவது கரம்பை, இதைவிட நல்லது. கோடையில் ஏரி வற்றும்போது அடியில் வெடித்துக் கிடக்குமே, அந்த மண். ஈரத்தைப் பிடித்து வைக்கும், கட்டி உடைத்துப் போட்டால் உரு கலையாது. பாரூர் ஏரிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வயலுக்கு ஓட்டும்போது ரெண்டு சாக்கு ஷெட்டுக்கும் எடுத்து வையுங்கள். வெறும் கரம்பை காய்ந்தால் இறுகிப் பிளக்கும் என்பதால் நான் மூன்றில் ஒரு பங்கு மணல் சேர்க்கிறேன்.

தென்னை நார்க் கழிவு: தென்பெண்ணை ஓரம் தென்னந்தோப்பு உள்ளவர்களுக்குச் சும்மா கிடைக்கிற சரக்கு. தன் எடையைப் போல பல மடங்கு தண்ணீர் பிடிக்கும், லேசானது, இறுகாது. ஆனால் மட்டை உரித்து வந்த புது நார்த்தூளில் உப்பும் சாயச் சாறும் இருக்கும். பழுப்புத் தண்ணீர் வெளுக்கும்வரை ஊறவைத்துப் பிழிய வேண்டும். இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றாமல் போட்டால் நூல் அதன் பக்கம் ஏறவே தயங்கும். கழுவிய நார்த்தூளும் கரம்பையும் பாதிக்குப் பாதி, இதுதான் இப்போது என் கலவை.

எதுவானாலும் கொஞ்சம் கார மண்ணாக இருக்க வேண்டும். கால்சியம் கார்பனேட், கடையில் சாக்பீஸ் மாவு மாதிரி விற்பது, கலந்து லிட்மஸ் தாள் மாதிரி வருகிற பி.எச். தாளில் எட்டை ஒட்டி நிற்கிறதா என்று பார்ப்பேன். சுவருக்கு அடிக்கிற நீற்றுச் சுண்ணாம்பைக் கை நிறைய அள்ளிக் கொட்டாதீர்கள். காரம் ஒரேயடியாக ஏறிவிடும், அது இறங்கும்வரை நூல் வைக்கோலிலேயே உட்கார்ந்திருக்கும்.

மார்ச் 24

மண்ணை வேகவைப்பது பற்றி ஓர் அக்கா காரிமங்கலத்திலிருந்து கேட்டிருக்கிறார். பிரஷர் குக்கரில் வைத்து எடுத்தால் இன்னும் சுத்தம்தானே என்று.

ஆவியில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும் அக்கா. இட்லிக் குண்டான் பெரிதாக இருந்தால் சாக்கில் கட்டி அதிலேயே வைக்கலாம், இல்லாவிட்டால் டிரம்மில் அடியில் செங்கல் வைத்து, தண்ணீர் ஊற்றி, மேலே மண் மூட்டை. பூச்சி முட்டை, களைக் காளான், பச்சைப் பூஞ்சை எல்லாம் அடங்கிவிடும்.

மொத்தமாகக் கிருமியே இல்லாமல் ஆக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. மொட்டுக் காளானில், அதாவது கடையில் விற்கிற பட்டன் காளானில், இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். முழுக்கக் கிருமி நீக்கிய மேல்மண்ணில் மொட்டு சரியாக வருவதில்லை. காளான் நூல் தானே சில ஆவிகளை விடுகிறது, அதில் 1-ஆக்டென்-3-ஆல் என்பது ஒன்று, காளான் வாசனை என்று நாம் முகர்வதில் பெரும்பங்கு அதுதான். அது தேங்கினால் மொட்டு விடுவதைத் தடுக்கும். மேல்மண்ணில் வாழ்கிற சூடோமோனாஸ் புடிடா போன்ற பாக்டீரியாக்கள் அந்த ஆவிகளைத் தின்று தடையை நீக்குகின்றன. கிருமி நீக்கிய மண்ணில் தூண்டப்பட்ட கரித்தூளை (அடுப்புக்கரி இல்லை, ஆவியை உறிஞ்சும்படி பதப்படுத்திய கரி) கலந்தபோது அந்த ஆவியை அது உறிஞ்சிக்கொண்டதால் மொட்டு வந்ததையும் பார்த்திருக்கிறார்கள்.

அது பட்டன் காளானில் கண்டது. பால் காளானில் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் அனுபவத்தில் குக்கரில் வைத்த மண்ணை விட, ஆவியில் வைத்து ஆறவிட்டு, மூடிய சாக்கில் ஓரிரு நாள் வைத்த மண்ணில் மொட்டு ஒரே சீராக வருகிறது. குக்கர் மண்ணில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. போட்டியே இல்லாத இடத்தில் முதலில் வந்து உட்காருவது பச்சைப் பூஞ்சையாக இருந்தால் அதைத் தடுக்க அங்கே யாரும் இல்லை.

மார்ச் 25

ஃபார்மலின் தெளித்துச் சுத்தம் செய்வது பற்றிக் கேட்டவருக்கு: வீட்டில், அதுவும் குழந்தைகள் புழங்குகிற இடத்தில் வேண்டவே வேண்டாம். கண்ணும் தொண்டையும் எரியும், விஷம். ஆவி போதும்.

ஏப்ரல் 2

முன்பு எழுதியதில் ஒரு திருத்தம் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மூன்று பழைய ஊறுகாய் பாட்டில் எடுத்துச் சோதித்தேன், அகல வாய்க் கண்ணாடி. அடியில் வெள்ளை ஓடிய வைக்கோல், மேலே கேசிங். ஒரு பாட்டிலில் பதமான ஈரம், இன்னொன்றில் கொஞ்சம் காய்ந்தது, மூன்றாவதில் சொதசொதவென்று. மூன்றுக்கும் ஒரே கனம். கண்ணாடி வழியாக உள்ளே நடப்பதைப் பார்க்கலாம் என்பதற்காகச் செய்தது.

பதமான பாட்டிலில் முதல் ரெண்டு நாள் ஒன்றும் தெரியாது. அப்புறம் வைக்கோலும் மண்ணும் சேர்கிற கோட்டில் ஒரு வெள்ளைப் புகை மாதிரி கிளம்பி, மண் கட்டிகளின் இடுக்கில் நுழைந்து நுழைந்து ஏறுகிறது. கட்டியைத் துளைப்பதில்லை, சுற்றிக்கொண்டு போகிறது. பாதி உயரம் வந்ததும் மெல்லிய புகையாக இருந்தது சேர்ந்து திரண்டு தடித்த இழைகளாக மாறுகிறது. அந்தத் தடித்த இழை முடிகிற இடத்தில்தான், மண்ணின் மேல்தோலுக்குக் கொஞ்சம் கீழே, கடுகளவு உருண்டை கட்டுகிறது. மொட்டு மண்ணுக்கு மேலே பிறப்பதில்லை, உள்ளேயே பிறந்து தலையை நீட்டுகிறது.

காய்ந்த பாட்டிலில் நூல் கால்வாசி ஏறி நின்றுவிட்டது. சொதசொத பாட்டிலில் அடிக்கோட்டைத் தாண்டவே இல்லை, மண் நீலம் பாய்ந்த கறுப்பாகி வாடை அடித்தது.

ஆக, கனத்தை முதலில் வைத்து எழுதியிருந்தேன். இப்போது ஈரத்தை முதலில் வைக்கிறேன், கனம் அடுத்தது. நாலு சென்டிமீட்டர் மண் பதமாக இருந்தால், இரண்டு சென்டிமீட்டர் காய்ந்த மண்ணை முந்திவிடும்.

பதம் பார்ப்பது: ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரல் இடுக்கில் ஈரம் மின்ன வேண்டும், சொட்டக்கூடாது. கட்டைவிரலால் தட்டினால் உருண்டை உடைந்து உதிர வேண்டும். படுக்கையில் பரப்பிய பிறகு நனைப்பதை விட, முந்தின நாள் இரவே நனைத்து, மூடிவைத்து, மறுநாள் பரப்புவது நல்லது. கட்டிகளுக்கு உள்ளே வரை ஈரம் இறங்கியிருக்கும். மேலே தெளித்து ஏற்றுகிற ஈரம் கட்டியின் தோலை மட்டும்தான் நனைக்கிறது.

ஏப்ரல் 3

பாட்டில் யோசனையைச் செய்து பார்க்க விரும்புபவர்கள் பாட்டிலைச் சுற்றிக் கறுப்புக் காகிதம் சுற்றி வையுங்கள், பார்க்கும்போது மட்டும் கழற்றுங்கள். வெளிச்சம் பட்டால் கண்ணாடி ஓரமாகவே மொட்டு கட்டி ஏமாற்றும்.

ஏப்ரல் 6

தண்ணீர். இது நம் இரண்டு மாவட்டத்துக்கும் தனியாகவே பேச வேண்டிய விஷயம்.

பென்னாகரத்திலிருந்து ஒருவர் ஃபுளோரைடு பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கவலை. பல் மஞ்சளாகி எலும்பு வளைந்த ஊர்களைப் பார்த்துத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. மொட்டு தள்ளிப் போவது பற்றிய இந்தப் பேச்சில் நான் பார்க்கச் சொல்வது வேறு: போர்த் தண்ணீரின் உப்பு. ஆயிரம் அடி போர்த் தண்ணீரைத் தினம் தெளித்தால், தண்ணீர் ஆவியாகி உப்பு மேல்மண்ணின் தோலில் தங்கிக்கொண்டே போகும். ஒரு வாரத்தில் வெள்ளையாகப் பூக்கும். அதைப் பார்த்துப் பூசணம் மேலே வந்துவிட்டது என்று சந்தோஷப்படுபவர்களும் உண்டு. விரலால் தேய்த்துப் பாருங்கள். நூலாக இருந்தால் பஞ்சு மாதிரி இழுபடும், உப்பாக இருந்தால் நறநறக்கும். உப்பு கூடிய மண்ணிலிருந்து நூலால் தண்ணீர் இழுக்க முடியாது. ஈரம் இருந்தும் காய்ந்த நிலைதான்.

கூட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணீர், மழைத் தண்ணீர், கிணற்று நல்ல தண்ணீர் எது கிடைக்கிறதோ அதைக் கேசிங்குக்கு ஒதுக்குங்கள். குழாயில் குளோரின் வாடை அடித்தால் ஒரு ராத்திரி குடத்தில் திறந்து வையுங்கள். ஷெட்டுத் தரை மணலையும் சாக்கையும் நனைக்கப் போர்த் தண்ணீரே போதும்.

ஏப்ரல் 11

சூடு.

பால் காளான் வெயில் காளான். 30 முதல் 35 டிகிரி வரை அதற்குச் சொர்க்கம். இதை 1974-ல் மேற்கு வங்காளத்தில் கண்டு பெயர் வைத்தார்கள், காலோசைபி இண்டிகா. அதைத் தமிழ்நாட்டில் பண்ணைப் பயிராக்கியது நம் வேளாண் பல்கலைக்கழகம். 1998-ல் வெளியிட்ட ரகத்துக்கு ஏ.பி.கே. 2 என்று பெயர், ஏ.பி.கே. என்பது அருப்புக்கோட்டை. பெயரிலேயே வெயில் இருக்கிறது.

ஆனால் அரூர், மொரப்பூர் பக்கம் ஏப்ரல் மத்தியானம் சீட் போட்ட ஷெட்டுக்குள் நாற்பதைத் தொடும். அப்போது மேல்மண் மேலே வெந்நீர், கீழே வைக்கோல் தானே சூடாகிறது, நூல் ஏறுவது நின்றுவிடும். மேல்மண் ஈரமாக இருந்தால் ஈரம் ஆவியாகும்போது அது தன்னைத் தானே கொஞ்சம் குளிர்விக்கும், மண்பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரி. காய்ந்துவிட்டால் அந்தக் குளிர்ச்சியும் போச்சு. ஈரமும் சூடும் தனித்தனிக் கணக்கு இல்லை என்பதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன்.

இரண்டு மூன்று அடி பள்ளம் எடுத்து, மேலே நீலத் தார்ப்பாய் போட்டு, தரையில் மணல் பரப்பி நனைத்து வைப்பது நம் பக்கம் பழகிய முறை. அதற்கு மேல் தென்னங்கீற்று நிழல். பக்கவாட்டில் நனைத்த கோணிச் சாக்கு. மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று வரை சாக்கு காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஏப்ரல் 19

"காட்டில் புற்றுக் காளான் தானே முளைக்கிறதே அக்கா, புற்று மண்ணையே கேசிங்காகப் போட்டால் சீக்கிரம் வருமா?" தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி.

வராது. புற்றுக் காளான் கரையான் வளர்க்கிற காளான். கரையான் உள்ளே கூடு கட்டி, மரத்தூளைத் தின்று போட்டு, அதில் பூசணம் வளர்த்து, பராமரித்து, பிறகு மழை இறங்கியதும் அது குடை விரிக்கிறது. மகிமை கரையானுக்கு, மண்ணுக்கு இல்லை. புற்று மண் நைசான களி, எச்சில் போட்டுப் பிசைந்தது, காய்ந்தால் செங்கல். மேல்மண்ணுக்கு அது வேண்டாம். அதோடு நம் ஊரில் பால் ஊற்றிக் கும்பிடுகிற புற்றை யாராவது மண்வெட்டி போட்டால் ஊரே கூடும்.

முதல் மழைக்குப் பிறகு எங்கள் அத்தை முறத்தில் புற்றுக் காளான் கொண்டு வருவார். பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தால் கறிக் குழம்பே தோற்கும். எங்கே பறித்தார் என்று மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டார். தெரியாதவர்கள் மழைக்காலத்தில் கண்டதைப் பறித்துச் சமைக்காதீர்கள், இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

ஏப்ரல் 27

பலரும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "கேசிங் மேலே நூல் தெரிந்ததும் குளிர்ச்சி கொடுக்கணுமாமே" என்று ஷெட்டில் ஐஸ் தண்ணீர் தெளிக்கிறார்கள். அது பட்டன் காளானுக்குச் சொன்னது. அதற்கு நூல் ஓடும்போது 24, 25 டிகிரி, மொட்டுக்கு 16 முதல் 18 வரை இறக்க வேண்டும், கூடவே புதுக் காற்று கொடுத்துக் கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும். அந்தக் குளிர்தான் அதற்கு அடையாளம். பால் காளானுக்குக் குளிர் தேவையே இல்லை. காற்றும் வெளிச்சமும் மட்டும் பொது.

பட்டன் பண்ணைகளில் இன்னொரு தந்திரம் உண்டு. நூல் ஓடிய கம்போஸ்ட்டில் கொஞ்சம் எடுத்து மேல்மண்ணில் கலந்துவிடுவார்கள். நூல் கீழிருந்து ஏற வேண்டியதில்லை, மண் முழுக்க ஒரே நேரத்தில் கிளம்பும், பல நாள் மிச்சமாகும். இதைப் பால் காளானில் சில படுக்கைகளில் செய்து பார்த்தேன், வெள்ளை ஓடிய வைக்கோலை உதிர்த்துக் கலந்து. மொட்டு முந்தியது உண்மை. ஆனால் மண்ணுக்குள் வைக்கோல் துணுக்கு இருப்பது ஈக்கு அழைப்பு வைத்த மாதிரி ஆகிவிட்டது, பச்சையும் அந்தத் துணுக்குகளில்தான் முதலில் பிடித்தது. குளிரூட்டிய, ஈ புகாத அறையில் செய்கிற வேலையைக் கீற்றுக் கொட்டகையில் செய்ய முடியாது. நான் விட்டுவிட்டேன்.

மே 6

மொட்டு வந்து பழுப்பாகிச் சுருங்குகிறது என்று மூன்று பேர். எல்லாருக்கும் ஒரே பதில்: மொட்டின் தலை மேல் தண்ணீரை நேராக அடிக்காதீர்கள். பட்டாணி அளவு வரும்வரை தரையையும் சாக்கையும் நனையுங்கள், கேசிங்குக்குப் பனி மாதிரி மெல்லிய தெளிப்பு. தெளித்த பிறகு அரை மணி நேரம் காற்று விட்டு, தலையில் நின்ற சொட்டு காய்ந்த பிறகே மூட வேண்டும்.

இன்னொன்று. தண்டு நீளமாகத் தலை சின்னதாக வந்தால் காற்று பத்தவில்லை, கேசிங்கைக் குறை சொல்ல வேண்டாம்.

மே 16

மாங்காய் மழை நல்லபடியாகப் பெய்திருக்கிறது. இதோடு கேள்வியும் மாறிவிட்டது. இப்போது "மொட்டு வரல" என்பவர்களின் படுக்கைப் படத்தைப் பார்த்தால் மேல்மண்ணே தெரியவில்லை, பஞ்சு மெத்தை மாதிரி வெள்ளை மூடிக் கிடக்கிறது. நூல் ஏறி வந்து, மொட்டு விடாமல் மேலேயே படர்ந்துகொண்டு போகிறது.

காற்றோட்டம் அடைத்திருந்தால் இப்படித்தான். மழைக்குப் பயந்து தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருப்பீர்கள். உள்ளே கரியமில வாயு தேங்கி, காற்றின் ஈரமும் நூறு சதவீதத்தை ஒட்டி நின்றால் நூலுக்கு அது இன்னும் வைக்கோலுக்குள் இருப்பது மாதிரியே படும். மொட்டு விட என்ன அவசரம்? முதலில் காலை மாலை காற்று விடுங்கள். மெத்தை கெட்டியாகிவிட்டால், சுத்தமான முள்கரண்டியால் மேல் அரை சென்டிமீட்டரை மட்டும் லேசாகக் கீறி, கொஞ்சம் புது மண் தூவி, பதமாக நனைத்து விடுங்கள். ஆழமாகக் கிளறினால் ஏறி வந்த இழையெல்லாம் அறுந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

பச்சைப் புள்ளி தெரிந்தால் கிளறவே கூடாது. ஈரத் துணியால் மூடி, சுற்று மண்ணோடு சேர்த்து அள்ளி, ஷெட்டுக்கு வெளியே தள்ளிப் புதையுங்கள். அந்த இடத்தில் கால்சியம் கார்பனேட் தூவலாம்.

மே 17

முழுக்க வெள்ளை ஓடாத பையை வெட்டிக் கேசிங் போடுவது பற்றிக் கேட்டிருந்தேன், காவேரிப்பட்டணம் தம்பி இப்போதுதான் சொல்கிறார், அடியில் ஒரு பக்கம் வைக்கோல் மஞ்சளாகவே இருந்ததாம். அதுவும் சேர்ந்ததுதான். பாதி ஓடிய பை மேல் மண் போட்டால், நூல் மிச்ச வைக்கோலை முடித்த பிறகே மேலே கவனம் வைக்கும். நாள் கணக்கைப் பார்க்காமல் பையைத் திருப்பிப் பாருங்கள், அடியும் பக்கமும் வெளுத்திருக்க வேண்டும், கையால் தட்டினால் கெட்டியாக ஒட்டிய சத்தம் வர வேண்டும். ராகித் தாளில், அதாவது ராகி வைக்கோலில், போடுபவர்கள் நெல் வைக்கோலில் சொன்ன நாளை எடுத்துக்கொள்ள வேண்டாம். தாள் தடிமனும் ஊறுகிற விதமும் வேறு.

மே 29

முதல் அறுவடைக்குப் பிறகு மறுபடி கேசிங் போட வேண்டுமா?

முழுசாக வேண்டாம். காளானைத் திருகி எடுக்கும்போது அடியோடு மண்ணும் வந்துவிடும், அந்தக் குழியை மட்டும் வேகவைத்த மண்ணால் நிரப்பி மட்டமாக்குங்கள். தண்டு அடி, செத்த மொட்டு எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது, அங்கேதான் ஈ முட்டை வைக்கும். மீதி மண்ணை லேசாகக் கிளறி, உள்ளங்கையால் மெல்ல அமுக்கி, தண்ணீர் தெளித்தால் போதும். இரண்டாவது மொட்டு வர எவ்வளவு நாள் ஆகும் என்பதை முதல் அறுவடையில் மண்ணிலிருந்து எவ்வளவு தண்ணீர் போனது என்பதுதான் முடிவு செய்யும். அறுத்த அன்றே நனைக்கத் தொடங்காமல், ஒரு நாள் காற்றாட விட்டு, அப்புறம் இரண்டு மூன்று நாளாகப் பிரித்துத் தண்ணீர் ஏற்றுங்கள்.

ஜூன் 11

இத்தனை நாள் "எப்படிச் சீக்கிரம் வரவைப்பது" என்ற கேள்விக்கே பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு.

ஒரு படுக்கை எட்டாம் நாளா பன்னிரண்டாம் நாளா என்பதில் வீட்டில் வளர்ப்பவருக்குப் பெரிய நட்டம் இல்லை. எல்லாப் படுக்கையும் ஒன்று ஒரு நாள், மற்றது வேறு நாள் என்று சிதறி வருவதில்தான் நட்டம். தினம் அரைக் கிலோ, கால் கிலோ என்று வந்தால் கடைக்காரர் வாங்க மாட்டார், வீட்டில் எவ்வளவுதான் சமைப்பது. ஒரே நாளில் நாலைந்து கிலோ சேர்ந்தால் தர்மபுரிக்கு ஒரு நடை போகலாம். பால் காளான் சிப்பி மாதிரி மறுநாளே துவளாது, ரெண்டு மூன்று நாள் தாங்கும் என்பதால் கொஞ்சம் முன்பின் ஆனாலும் சமாளிக்கலாம். ஒரு வாரம் முன்பின் ஆனால் முடியாது.

சீராக வருவதற்கு, மேல்மண் எல்லாப் படுக்கையிலும் ஒரே கனம், ஒரே ஈரம். ஒரு படுக்கைக்குள்ளேயே நடுவில் மேடும் ஓரத்தில் பள்ளமுமாக இருந்தால் ஓரத்தில் முதலில் வந்து, அது பெருத்து, நடுவில் வரவேண்டியதற்குச் சாப்பாடு இல்லாமல் போகும். ஒரு குச்சியில் இரண்டரை சென்டிமீட்டரில் கோடு கீறி, பரப்பியதும் நாலு இடத்தில் குத்திப் பார்க்கிறேன். அதே ஒரு கலவையை ஒரே டப்பாவில் அளந்து ஒவ்வொரு படுக்கைக்கும் போடுகிறேன். இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு மொட்டு வருகிற நாள் முந்தவில்லை, ஆனால் படுக்கைகள் ஒன்றை ஒன்று விட்டு ஓடவும் இல்லை. எனக்கு இதுதான் வேண்டும்.

ஜூன் 12

இரண்டரை என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு "முதலில் இரண்டு என்றீர்களே அக்கா" என்கிறார் ஒருவர். கரம்பையும் செம்மண்ணும் என்றால் இரண்டு. நார்த்தூள் பாதி கலந்தால் நனைந்ததும் அமுங்கும், அதனால் இரண்டரை பரப்பினால் இரண்டில் வந்து நிற்கும்.

ஜூன் 24

இது ஓசூர்க்காரர்களுக்குத் தனியாக.

என் நாத்தனார் ஓசூரில் இருக்கிறார். அங்கே கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், நமக்குப் புழுங்கும்போது அவர்களுக்குப் போர்வை வேண்டும். மார்கழியில் அவர் போட்ட பால் காளான் கேசிங்கில் நூல் ஏறி, பாதியில் நின்று, வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. மண்ணை மாற்றினார், சுண்ணாம்பு கூட்டினார், விதைக் கடையை மாற்றினார். காரணம் ராத்திரிக் குளிர் மட்டும்தான். பகலில் 28 வந்தாலும் ராத்திரி 15-க்கு இறங்கினால் மேல்மண் காலை பத்து மணி வரை சில்லென்றே கிடக்கும். தொட்டாலே தெரியும். 25-க்குக் கீழே பால் காளான் வேகம் குறைந்துவிடும், அதைக் கனத்தைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது.

அங்கே மார்ச் முதல் மே வரை பால் காளான் போடுங்கள், அதுவும் மேற்கு வெயில் படுகிற சுவரோரம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிப்பி போடுங்கள், மேல்மண் வேலையே கிடையாது, ஓசூர்க் குளிர் அதற்கு ஏற்றது. குளிர் மாதத்தில் பால் காளான்தான் வேண்டும் என்று நிற்பவர்கள் படுக்கையைத் தரையில் வைக்காமல் இடுப்பளவு அடுக்கில் வையுங்கள், மாலை நாலு மணிக்கு மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள், தெளிக்கிற தண்ணீரையும் வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள்.

தர்மபுரி, பாலக்கோடு, அரூர் பக்கம் இருப்பவர்கள் ஆடிக் காற்றுக்குத் தயாராகுங்கள். வெயில் குறைந்தாலும் அந்தக் காற்று மேல்மண்ணைச் சித்திரை வெயிலை விட வேகமாக உலர்த்தும். மேற்குப் பக்கத்துச் சாக்கை இரட்டையாகக் கட்டுங்கள், இந்த மாதம் போடுகிற படுக்கைக்கு நார்த்தூளைக் கொஞ்சம் கூட்டிக் கலக்குங்கள்.